முப்பது குழி

பகலெல்லாம் நிலம் எழுதுகிறேன்.
ஆனையூரில் இரண்டே கால் சென்ட்,
ஒத்தக்கடைப் பக்கம் கிணற்றில் பாதி பாத்தியம்.
அண்ணன் தம்பி கையெழுத்துக்கு நடுவே
மை உலரக் காத்திருந்த நேரத்தையும் சேர்த்தால்
பத்திர ஆபீஸ் வாசலில் பதினோரு வருடம்.

எனக்கென்று உள்ளது
வில்லாபுரத்து வாடகை வீட்டின் மொட்டைமாடியில்
முட்டைக்கடையில் ஓசிக்கு வாங்கிய அட்டை ஒன்று.
முப்பது குழி.
இதற்கு நான்கெல்லையாவது:
சின்டெக்ஸ் தொட்டிக்கு மேற்கு,
தவமணி சாரின் டிஷ் குடைக்குக் கிழக்கு,
துணிக்கொடிக்குத் தெற்கு,
ஜரீனா அக்கா மோர்மிளகாய் காயப்போடும்
பழைய சேலைக்கு வடக்கு.
இதன் மத்தியில்
தென்னைநார்த் தூளும் மக்கிய சாணமும் சரிபாதி.

லெட்டூஸ் பதினைந்து. பெட்டூனியா பத்து.
மீதி ஐந்தில் ஜினியா.

பெட்டூனியா விதை என்பது
யாரோ விதையை அரைத்து எடுத்துக்கொண்டு
அம்மியைத் தட்டிவிட்ட மிச்சம்.
ஈர்க்குச்சி நுனியை நனைத்து
ஒன்று ஒன்றாய்த் தொட்டு வைக்கையில் தும்மினேன்.
நாற்பது ரூபாய்
வில்லாபுரம் முழுக்கப் பரவியது.

லெட்டூஸ் பொட்டலத்தில் போட்டிருந்தான்,
பதினெட்டு டிகிரியில் முளைக்கும் என்று.
மார்கழி விடியலில்கூட மதுரை
அவ்வளவு இறங்கி வந்து யாரிடமும் பேசியதில்லை.
ஈரத் துணியில் சுருட்டி
ஃப்ரிட்ஜில் இட்லி மாவுக்குப் பின்னால் வைத்தேன்.
மூன்றாம் நாள் வெள்ளையாய்,
எண்ணி இருபத்தாறு வால்.

தவமணி சார் மேலே வந்தார்.
தளத்தைக் காலால் தட்டிப் பார்த்தார்.
"தண்ணி இறங்குச்சுன்னா கம்பி துருப்பிடிக்கும்மா."
"ஒரு தம்ளர்தான் சார்."
"லாரித் தண்ணியா?"
"அரிசி கழுவுனது."
குனிந்து பார்த்தார். வேறெதுவும் சொல்லவில்லை.
மறுநாள் காலை அட்டைக்கு அடியில்
உடைந்த டைல்ஸ் நான்கு முட்டுக்கொடுத்திருந்தன.

கஷ்டம், கலைப்பதுதான்.
ஒரு குழிக்கு இரண்டு நின்றால்
ஒன்றை விட்டு ஒன்றைக் கிள்ள வேண்டும்.
எத்தனையோ பாகப்பிரிவினை எழுதியிருக்கிறேன்,
யாருக்கு எது என்று ஒருநாளும் நான் சொன்னதில்லை,
சொன்னதை எழுதினேன்.
இங்கே கத்தரிக்கோல் என் கையில்.
கிள்ளியதை உப்பும் எலுமிச்சையும் பிசிறி
நின்றபடியே தின்றேன்.
அரை வாய்கூட இல்லை.
தண்ணீர் பச்சையாகிவிட்டது போல ஒரு ருசி.

தை பிறந்ததும் எல்லாம்
மீன்கடைத் தெர்மோகோல் பெட்டிக்குக் குடிமாறின.
பெயர் எழுதிய ஐஸ் குச்சிகளில் மை கரைந்துவிட்டது.
பதிமூன்றாம் குழிக்காரிக்கு மட்டும்
இலை அரம்போல் ஓரம் வைத்து வந்தது.
புது ரகம் என்று நினைத்தேன்.
அவளுக்குத் தனித் தொட்டி,
புண்ணாக்கு ஊறிய தண்ணீர்,
மதிய வெயிலுக்கு என் குடை.
ஒரு காலை அதன் அடியில்
தெருப்பூனை ஒன்று மல்லாந்து புரண்டது,
கண்ணை மூடி, வேரை நக்கி,
அருள் வந்தது போல.
ஜரீனா அக்காவுக்குச் சிரிப்பு அடங்கவில்லை.
"அடியே செம்பகவல்லி,
குப்பைமேனிக்கா குடை பிடிச்சே?"

பிடுங்கத்தான் போனேன்.
ஆறு வாரம்,
தடையின்றி, தொடர்ச்சியாக,
உரியவள் கண்ணெதிரே
அனுபவித்து வந்திருக்கிறது.
சட்டம் பன்னிரண்டு வருடம் கேட்கும்.
நான் அப்போதே பாத்தியம் கொடுத்துவிட்டேன்.

மாசியில் ஒரு தட்டு லெட்டூஸ் கிடைத்தது.
மொத்தமே அவ்வளவுதான்.
பங்குனியில் மிச்சமெல்லாம் திடீரென்று கழுத்தை நீட்டின,
தண்டில் பால் வைத்தன,
கசந்தன.
விதைக்கு விட்டிருக்கிறேன்.

பெட்டூனியா ஊதாவில் திறந்தது.
"தொடுக்க வராது, மணமும் கிடையாது.
மதுரையில இருந்துக்கிட்டு
இதை எதுக்குடி வளத்தே?"
என்னிடம் பதில் இல்லை.

இரவு எட்டு மணி, கரண்ட் போயிருந்தது.
கொடித்துணி எடுக்கப் போனால்
ஊதாப் பெட்டிக்கு மேல் யாரோ குனிந்திருந்தார்கள்.
மிளகாய் அள்ள வந்தேன் என்றாள் ஜரீனா அக்கா.
மிளகாயைப் பொழுதோடவே
அள்ளியாயிற்று.